வெண்புள்ளி மருந்தும் கல்லடி மீன் கடையும்

கல்லடியிலுள்ள அலங்கார மீன் கடையொன்றில் வாங்கிய, மலகைட் கிரீன் என்னும் சாயம் கலந்த, மீன்களின் வெண்புள்ளி நோய்க்கான மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அதனால் முடியாததைப் போத்தலில் சொல்லாமல் விட்டதுதான் குறை. நன்னீர் மீன்களைத் தாக்கி இப்புள்ளிகளை உண்டாக்கும் இக்தியோப்திரியஸ் ஒட்டுண்ணி, மீனின் தோலைவிட்டு விழுந்ததும் தன்னைச் சுற்றிக் கூடமைத்து, அதனுள் பிளவுற்று, நூற்றுக்கணக்கான இளம் உயிரிகளாக நீந்தி வெளிவருகிறது. மருந்துக்கு அகப்படுபவை பெரும்பாலும் இவையே. ஆகவே ஒட்டுண்ணி விழுந்து புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவது வீண் (நம்மூர் வெப்பத்தில் இச்சுழற்சி சில நாள்களிலேயே முடிந்துவிடும்).

கூடமைப்பையே தடுப்பது இன்னும் நல்ல வழியாகலாம்: அகந்தமீபா என்னும் வேறோர் ஒருகல உயிரியில், கலம் தன் பாகங்களைத் தானே செரிக்கும் தன்னுண்ணலுக்கான மரபணுவை அடக்கியபோது முறையான கூடு உருவாகவில்லை. கடைக்காரர் பொறுமையாகப் பதில் சொல்பவர், விலையும் நியாயமே.