கைப்பிடி இல்லாத ஹேண்ட் பிரேக்: பெங்களூரில் நான்கு ஆண்டுப் பழக்கம்

2021 செப்டம்பரில் நாங்கள் வாங்கிய சிறிய எஸ்யூவி இப்போது 52,000 கிலோமீட்டரைக் கடந்திருக்கிறது. அதில் பாதிக்கு மேல் அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்த் திரும்பியதிலேயே சேர்ந்த தூரம். மீதியில் பெரும்பகுதி, பெற்றோர் வசிக்கும் சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடியது. காரைப் பற்றிப் பொதுவாக எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. ஹேண்ட் பிரேக்கின் இடத்தில் அதிலுள்ள, பொத்தானால் இயங்கும் எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கைப் பற்றியும், அது எவற்றை அளந்து எப்படி முடிவெடுக்கிறது, எந்த இடத்தில் அதன் அறிவு நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியும் மட்டுமே எழுதுகிறேன். பல நிறுவனங்களின் கார்களிலும் இந்த அமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் எங்கள் காரின் பெயர் இங்கே தேவைப்படாது.

இதை விரும்பி வாங்கியதற்கு எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்துக்குக் கீழே இறங்கும் சரிவுப்பாதையே காரணம். காலையில் மேலேறி வரும்போது, காவலாளி தடுப்புக் கம்பத்தைத் தூக்கும் வரை பாதிச் சரிவில் நின்றாக வேண்டும். பின்னால் இன்னொரு கார் ஒட்டிக்கொண்டு நிற்கும். பழைய காரில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, கிளச்சையும் ஆக்ஸிலரேட்டரையும் சரியாகக் கலந்து கிளம்புவது என் மனைவிக்கு ஒவ்வொரு நாளும் பதற்றமாக இருந்தது. புதிய காரில் அந்தப் பதற்றம் முதல் வாரத்திலேயே போய்விட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நான் எழுதும் குறைகள் எதுவும் இந்த ஒரு நன்மையை என் கணக்கில் குறைக்கவில்லை.

இரண்டு இருக்கைகளுக்கு நடுவே இருந்த கம்பியின் இடத்தில் விரல் நுனியால் இழுக்கும் சிறிய பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை இழுத்தாலோ, எஞ்சினை நிறுத்தினாலோ, பின்சக்கரங்களின் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய மோட்டார் ஓசை ஓரிரு நொடிகள் கேட்கும். பின்சக்கரம் ஒவ்வொன்றின் காலிப்பரிலும் (பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் பகுதி) 12 வோல்ட் மோட்டார் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் வேகத்தைப் பல்சக்கரங்கள் குறைத்து விசையைப் பெருக்க, ஒரு திருகு பிஸ்டனைத் தள்ளி பிரேக் பேடுகளைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் இறுக்குகிறது. டயர் மாற்றும்போது நாம் பயன்படுத்தும் திருகு ஜாக்கி காரின் எடையைத் தாங்கினாலும் தானாகக் கீழே இறங்காதல்லவா, அந்தத் தன்மையே இங்கும் வேலை செய்கிறது. இறுக்கிய பிறகு பிடித்துக்கொண்டிருக்க மின்சாரம் எதுவும் தேவையில்லை. இரவில் பேட்டரி இறங்கினால் கார் உருண்டுவிடுமோ என்று என் மாமனார் கேட்டார், உருளாது.

போதுமான அளவு இறுக்கியாகிவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது என்பதே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெரும்பாலான கார்களில் பேடின் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் சென்சார் கிடையாது. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையே கட்டுப்பாட்டுக் கணினி கவனிக்கிறது. பேடு டிஸ்க்கைத் தொடும் வரை மோட்டார் இலகுவாகச் சுற்றும், தொட்டபின் திணறத் தொடங்கும், திணறத் திணற மின்னோட்டம் ஏறும். தேவையான அளவுக்கு ஏறியதும் கணினி மோட்டாரை நிறுத்திவிடுகிறது. அந்தத் தேவையான அளவைத் தீர்மானிக்க உதவுவது, கார் எந்தச் சாய்வில் நிற்கிறது என்று சொல்லும் முடுக்க அளவி. அதற்குள் இருக்கும் மிகச் சிறிய சிலிக்கான் எடையைப் புவியீர்ப்பு எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதிலிருந்து சாய்வு கணக்கிடப்படுகிறது. ஆட்களுடன் 1,400 கிலோ எடையுள்ள ஒரு காரை 5 சதவீதச் சரிவில் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். 20 சதவீதச் சரிவில் அதுவே 275 கிலோ ஆகிவிடும். முழுச் சுமையுடன் 20 சதவீதச் சரிவில் காரை நிறுத்திவைக்க வேண்டும் என்பதே பார்க்கிங் பிரேக்குக்கு ஐக்கிய நாடுகள் அவையின் பிரேக் விதிமுறை வைத்திருக்கும் அளவுகோல். எங்கள் காரில் சமதளத்தில் ஓசை சீக்கிரம் முடிந்துவிடும், சரிவுப்பாதையில் சற்று நீண்டு கடைசியில் கனக்கும். சில மாதங்களில் என் காது இந்த வித்தியாசத்தைப் பழகிக்கொண்டது.

இந்த அளவி ஓடும் காரில் சாய்வைத் தனியாகச் சொல்லிவிட முடியாது. பிரேக் பிடித்து வேகம் குறைவதும் இறக்கத்தில் நிற்பதும் அந்தச் சிறு எடைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். சக்கரங்கள் முழுமையாக நின்றுவிட்டன என்று சக்கர வேக சென்சார்கள் உறுதிசெய்த பிறகே சாய்வின் அளவை நம்ப முடியும். ஒரு சென்சாரின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால்தான் இந்த அமைப்பு நடக்கிறது; அவற்றில் ஒன்று பழுதானால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2022 மே மாதம் ஏற்காட்டிலிருந்து இறங்கிய நாளில் இந்தக் கருவி என்னை வியக்க வைத்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முடித்து, அடிவாரத்தில் ஒரு டீக்கடை ஓரமாக, சற்றே சரிந்த தரையில் காரை நிறுத்திப் பூட்டிவிட்டு இறங்கினோம். சில நிமிடங்கள் கழித்து, யாரும் இல்லாத காரிலிருந்து அதே மோட்டார் ஓசை மறுபடி கேட்டது. "சார், வண்டிக்குள்ள யாராச்சும் இருக்காங்களா?" என்று கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பழுது என்று நினைத்து நான் அன்று மாலை முழுவதும் கவலைப்பட்டேன். பின்னர் கையேட்டைப் படித்தபோதுதான் விளங்கியது. மலை இறக்கத்தில் சூடேறிய டிஸ்க் விரிந்திருக்கும். நிறுத்தியபின் ஆறும்போது அது சுருங்கும், பேடுகளின் பிடி தளரும். ஓட்டும்போது எவ்வளவு பிரேக் பிடிக்கப்பட்டது என்பதிலிருந்து டிஸ்க்கின் வெப்பத்தைக் கணினி மதிப்பிட்டு, ஆறும் நேரத்தில் இன்னொரு முறை இறுக்கிக்கொள்கிறது. பழைய கம்பி ஹேண்ட் பிரேக் இருந்த நாட்களில், மலை இறங்கி நிறுத்திய கார் சிறிது நேரம் கழித்து நகர்ந்த கதைகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அதற்கு விடை இங்கே ஒரு கணக்காக உள்ளே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் இந்தக் கண்காணிப்பு சிறிது நேரம்தான். பேட்டரியைக் காக்க வேண்டியிருப்பதால் கணினி உறங்கிவிடும். அதன்பின் நிலைமை மாறினால் அதற்குத் தெரியாது. நின்ற நொடியின் சாய்வு அதற்குத் தெரியும். தரை ஈரமான செம்மண்ணா, உறுதியான சிமெண்டா என்பது தெரியாது. பிடிப்பது பின்சக்கரங்களை மட்டுமே என்பதால், டயருக்கும் தரைக்கும் இடையே பிடிமானம் இல்லாவிட்டால் டிஸ்க் எவ்வளவு இறுகியிருந்தாலும் கார் வழுக்கலாம். தேரோடும் வீதியில் தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் வீதியின் சரிவோடு தரையையும் பார்த்தே கட்டையை வைக்கிறார். மழைக்காலத்தில் மலைப்பகுதிக்குப் போகும்போது நானும் டிக்கியில் இரண்டு மரக்கட்டைகளை எடுத்துச் செல்கிறேன்.

நகருக்குள் அன்றாடம் பயன்படுவது ஆட்டோ ஹோல்டு. சில்க் போர்டு சந்திப்பில் கார் நின்றதும் காலை எடுத்துவிடலாம்; அப்போது காரைப் பிடித்திருப்பது பின்சக்கர மோட்டார் இல்லை, நாம் மிதித்த பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை வால்வுகள் மூடி வைத்திருக்கின்றன. சில நிமிடங்கள் நீடித்தாலோ, சீட் பெல்ட்டைக் கழற்றினாலோ, ஓட்டுநர் கதவைத் திறந்தாலோ, பொறுப்பு எண்ணெயிடமிருந்து மோட்டாருக்குக் கைமாறும். ஓட்டுநர் இறங்கப்போகிறார் என்று அந்தச் சென்சார்கள் ஊகிக்கின்றன. மணிக்கணக்கில் நெரிசலில் நிற்கும் இந்த ஊரில் என் வலது முழங்காலுக்கு இது பெரிய உதவி.

அந்த ஊகம் தவறும் இடங்களும் இருக்கின்றன. சேலத்தில் அப்பா காரை வீட்டு முற்றத்திலேயே சற்றுத் தள்ளி நிறுத்த முயன்றார். பத்தடி தூரம்தானே என்று பெல்ட் போடவில்லை. "ஆக்ஸிலரேட்டர மிதிச்சா உறுமுது, நகரவே மாட்டேங்குதுப்பா" என்று என்னை அழைத்தார். பெல்ட் மாட்டப்பட்டு, கதவு மூடப்பட்டு, கியர் விழுந்திருந்தால் மட்டுமே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பிரேக் தானாக விடுபடும். இல்லாவிட்டால் பிரேக் மிதியை அழுத்தியபடி பொத்தானைக் கையால் அமர்த்த வேண்டும். கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தபடி ரிவர்ஸ் எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு; ஆட்டோ ஹோல்டு இயங்கும்போது அப்படிச் செய்தால் கார் சட்டென்று பூட்டிக்கொள்ளும். ஆபத்தில்லை, ஆனால் உள்ளே இருப்பவர்கள் குலுங்கிப் போவார்கள். தரைத்தள நிறுத்தத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது நான் ஆட்டோ ஹோல்டை அணைத்தே வைக்கிறேன்.

நம் ஊர்களின் நிறுத்தும் வழக்கத்தோடு இந்தக் கருவி முற்றிலும் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. அல்சூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், வரிசைக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்ன காவலாளி, "நியூட்ரல்ல விடுங்க சார், வேணும்னா தள்ளிக்கிறோம்" என்றார். எஞ்சினை அணைத்தால் எங்கள் கார் தானாகவே பூட்டிக்கொள்ளும்; அதை விடுவித்தாலும் தானியங்கி கியரின் பி (பார்க்கிங்) நிலை முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும். நியூட்ரலில் விட்டுப் பூட்டிச் செல்ல எங்கள் கார் அனுமதிப்பதில்லை. தாலி கட்டும் நேரத்தில் நான் சாவியோடு வெளியே நின்றேன். அதன்பின் குறுக்கே நிறுத்தும் இடங்களுக்கு இந்தக் காரை எடுத்துச் செல்வதில்லை.

2023 தீபாவளியை ஒட்டி ரயிலில் ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தது. காரணம் காரில்லை, நிறுத்தியபோதும் பதிவுசெய்யும்படி நான் பொருத்தச் சொன்ன கேமரா மின்சாரத்தை உறிஞ்சியிருந்தது. முன்பு சொன்ன அதே திருகுத் தன்மை இப்போது எதிராக வேலை செய்தது. பிடித்திருக்க மின்சாரம் வேண்டாம், விடுவிக்க வேண்டும். பழைய கார் என்றால் நான்கு பேர் தள்ளி வெளியே எடுத்திருப்போம். பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்தபின் மோட்டார் இயங்கியது, பிரேக் எச்சரிக்கை விளக்கும் அணைந்தது, ஆனாலும் சக்கரம் நகரவில்லை. ஈரக் காற்றில் டிஸ்க்கில் துரு படிந்து பேடு அதனோடு ஒட்டியிருந்தது. முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தபோது "டக்" என்ற ஓசையுடன் விடுபட்டது. மோட்டார் பின்வாங்கியது என்பது மட்டுமே கணினிக்குத் தெரியும்; பேடு டிஸ்க்கை விட்டுப் பிரிந்ததா என்று அதற்குத் தெரியாது. இப்போது நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால், சமதளத்தில், பி நிலையில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டுப் போகிறேன்.

45,000 கிலோமீட்டரில் பின்பக்கப் பேடுகளை மாற்றும்போது எச்சரிக்கையாக இருக்க நேர்ந்தது. முதலில் போன பணிமனையில் ஓர் இளைஞர் சி-கிளாம்ப் என்ற திருகு இடுக்கியை வைத்துப் பிஸ்டனை உள்ளே தள்ளப் பார்த்தார். நான் நிறுத்தச் சொன்னேன். உள்ளே திருகு நீண்டிருக்கும்போது அழுத்தித் தள்ளினால் மோட்டார்ப் பகுதியே உடையலாம். காரின் கணினியோடு பேசும் ஸ்கேனரை மாட்டி, சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்து, திருகை மோட்டாராலேயே பின்னுக்கு இழுத்த பிறகே பேடைக் கழற்ற வேண்டும். ஜே.சி. ரோட்டில் ஒரு தமிழ் மெக்கானிக் அதைச் சரியாகச் செய்து, முடித்தபின் பொத்தானைப் பலமுறை இயக்கிச் சோதித்தும் காட்டினார்.

சென்சார் ஒன்று பழுதானால் என்ன ஆகும் என்பதை 2024 அக்டோபர் மழையில் கண்டேன். தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதை ஒன்றைக் கடந்த மறுநாள், பின்சக்கர வேக சென்சாரின் இணைப்பில் ஈரம் புகுந்து, ஆரஞ்சு விளக்குகள் சேர்ந்து எரிந்தன. ஆட்டோ ஹோல்டும் தானாக விடுபடுவதும் நின்றுவிட்டன. பொத்தானைக் கையால் இழுப்பதும் அமர்த்துவதும் மட்டும் வேலை செய்தன. இது நல்ல வடிவமைப்பு என்றே நினைக்கிறேன். தனக்கு நிச்சயமில்லாதபோது தானியங்கி வேலையை விட்டுவிட்டு, முடிவை ஓட்டுநரிடமே கொடுத்துவிடுகிறது.

சரிவில் நிறுத்தும்போது வீட்டில் எல்லோரும் ஒரே வரிசையைப் பின்பற்றுகிறோம்: பிரேக் மிதியில் கால், கியர் நியூட்ரல், பொத்தான், ஓசை முடிந்ததும் காலை எடுத்துக் கார் நிலைகொள்வதைப் பார்ப்பது, அதன்பின் பி. முதலில் பி போட்டால் காரின் எடை முழுவதும் கியருக்குள் இருக்கும் சிறிய கொக்கியின் மேல் ஏறும். மறுநாள் கியரை எடுக்கும்போது அந்த அதிர்ச்சியை உணரலாம். கால் பிரேக் செயலிழந்தால் ஓடும்போதே இந்தப் பொத்தானை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும் என்பதையும் மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன். பிடித்திருக்கும் வரை கார் கட்டுப்பாட்டோடு வேகம் குறையும், விட்டால் பிரேக்கும் விடும். பழைய கம்பியைப் போலப் பின்சக்கரங்களைக் கண்மூடித்தனமாகப் பூட்டிவிடாது.

இந்த வசதியுள்ள காரை வாங்கப் போகும் நண்பர்களிடம், எஞ்சினை அணைக்கும்போது தானாகப் பூட்டுவதை நிறுத்திவைக்க வழி இருக்கிறதா, பேட்டரி இறங்கினால் காரை எப்படி நகர்த்துவது, தங்கள் ஊரில் பேடு மாற்றுபவரிடம் ஸ்கேனர் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்டு, கையேட்டில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லும்படி கூறுகிறேன். சோதனை ஓட்டத்துக்குக் காரை எடுக்கும்போது, சமமான சாலையோடு நிறுத்திக்கொள்ளாமல், தங்கள் வீட்டுச் சரிவுப்பாதைக்கே கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, கிளப்பிப் பார்ப்பது நல்லது.