டீசல் இன்ஜினின் ஸ்டார்ட்டர் சொலினாய்டு: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதைச் சுற்றித் தொடக்கும் 12 வோல்ட் செல்ஃப் மோட்டாரின் மேல் அமர்ந்திருக்கும் சொலினாய்டு என்னும் மின்காந்தச் சுவிட்ச், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விதமாகப் பழுதடைந்திருக்கிறது. சாவியைத் திருப்பும்போது எழும் ஒலி சந்தேகத்தின் திசையை மட்டுமே காட்டும் என்பதும், எந்தப் பாகத்தைக் கழற்றுவது என்பதை இன்ஜின் சுற்றும் அந்தச் சில நொடிகளில் எடுக்கும் வோல்ட் அளவே தீர்மானிக்கும் என்பதும் இதில் எனக்கு உறுதிப்பட்ட முடிவு.

சொலினாய்டுக்குள் இரண்டு காயில்கள் உள்ளன. தடித்த கம்பியால் ஆன இழுப்புக் காயில், பிளஞ்சர் என்னும் நகரும் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கிறது. மெல்லிய கம்பியால் ஆன பிடிப்புக் காயில் அதை அங்கேயே நிறுத்தி வைக்கிறது. பிளஞ்சர் ஒரு முனையில் பினியனை (மோட்டாரின் சிறிய பற்சக்கரம்) ஃபிளைவீலின் (இன்ஜினோடு சுற்றும் பெரிய சக்கரம்) பற்களோடு சேர்க்க, மறுமுனையில் உள்ள செம்புத் தட்டு பேட்டரி டெர்மினலையும் மோட்டார் டெர்மினலையும் இணைக்கிறது. அந்த நொடியில் இழுப்புக் காயிலின் இரு முனைகளிலும் ஒரே வோல்ட் வந்துவிடுவதால் அதில் மின்னோட்டம் நின்று, பிடிப்புக் காயில் மட்டும் வேலை செய்கிறது. டீசல் இன்ஜினின் அழுத்த விகிதம் (சிலிண்டரில் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) பெரும்பாலும் 15க்கும் 22க்கும் இடையில் இருப்பதால், அதைச் சுற்றப் பல நூறு ஆம்பியர் தேவைப்படுகிறது. அவ்வளவும் அந்தச் சிறிய செம்புத் தட்டின் வழியாகவே செல்கிறது. தட்டும், அது தொடும் டெர்மினல் முனைகளான காண்டாக்ட்களும் தேய்வதில் வியப்பில்லை.

சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒருமுறை ஒலித்து நின்றுவிட்டால் காண்டாக்ட்களையும் மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்களையும் சந்தேகிக்கலாம். 'டக டக' என்று விடாமல் துடித்தால் பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது பிடிப்புக் காயில் அறுந்திருக்கலாம். ஒலியே இல்லை என்றால் சாவியிலிருந்து சொலினாய்டுக்கு வரும் மெல்லிய வயரில்தான் முதலில் தேட வேண்டும்.

அளவெடுக்கும் முன் கியரை நியூட்ரலில் வைத்து, டீசல் வரவை நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் இன்ஜின் ஓடத் தொடங்காமல் சுற்ற மட்டும் செய்யும். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். சுற்றும்போது அது 9.6க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைச் சரிசெய்யாமல் சொலினாய்டைத் தொடுவதில் பொருளில்லை. பேட்டரி தேறிய பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும், மறுமுனையைச் சொலினாய்டின் தடித்த கேபிள் டெர்மினலிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்வேன். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ அதன் முனையிலோ குறை இருக்கிறது. மைனஸ் கம்பத்துக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையேயும் இதே சோதனை அவசியம், ஏனெனில் துருப்பிடித்த எர்த் பட்டை நல்ல சொலினாய்டையும் பழுதானதாகக் காட்டிவிடும். கடைசியாகச் சொலினாய்டின் இரண்டு பெரிய டெர்மினல்களுக்கு இடையே அளக்க வேண்டும். சுற்றும்போது 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் காண்டாக்ட்கள் நலம். 'டக்' ஒலித்த பின்னும் கிட்டத்தட்டப் பேட்டரியின் முழு வோல்ட்டும் அங்கே நின்றால் அவை சேரவே இல்லை. மோட்டார் டெர்மினல் வரை வோல்ட் வந்தும் மோட்டார் அசையாவிட்டால் கோளாறு பிரஷ்களிலோ, மோட்டாரின் சுற்றும் பாகமான ஆர்மேச்சரிலோ இருக்கிறது.

முதன்முதலில் பழுதானபோது காண்டாக்ட்கள்தான் தேய்ந்திருந்தன. மூடியைத் திறந்து பார்த்தபோது பேட்டரிப் பக்கத்துக் காண்டாக்ட் மற்றதைவிட ஆழமாகக் குழிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தால் சில நாள் ஓடும், ஆனால் உயரம் குறைந்த காண்டாக்ட்டைத் தட்டு சரியாகத் தொடாது. ஆகவே இரண்டு காண்டாக்ட்களையும் தட்டோடு சேர்த்துப் புதிதாகப் போட்டேன். அந்தப் பழுதுபார்ப்பு இன்றுவரை நிலைத்திருக்கிறது. மூடியைக் கழற்ற முடியாதபடி மடித்து அடைத்த சொலினாய்டுகளில் இந்த வசதி இல்லை. வாங்கும்போதே இதைக் கவனிப்பது நல்லது.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது, சூட்டில் மட்டும் தலைகாட்டிய கோளாறு. குளிர்ந்த இன்ஜின் உடனே எடுக்கும். ஓடி நின்ற இன்ஜினில் ஒலியே வராது. செம்புக் கம்பி 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் மின்தடை ஏறக்குறைய 23 விழுக்காடு கூடுகிறது. பழைய சாவி சுவிட்சும் நீண்ட மெல்லிய வயரும் ஏற்கெனவே வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்ததால், சூடான காயிலுக்குப் பிளஞ்சரை இழுக்கும் வலு கிடைக்கவில்லை. சொலினாய்டை மாற்றாமல், அதன் அருகிலேயே ஃபியூஸோடு ஒரு ரிலேயை (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) பொருத்தி, தடித்த வயர் வழியாக நேராகப் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தேன். கோளாறு முற்றிலும் நீங்கியது.

பிடிப்புக் காயில் அறுந்ததைக் கண்டறிய, மோட்டாருக்குச் செல்லும் பட்டையைக் கழற்றிவிட்டு, சாவி வயர் டெர்மினலுக்கும் சொலினாய்டின் உடலுக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். பட்டையைக் கழற்றாவிட்டால் இழுப்புக் காயில் மோட்டார் வழியாக எர்த் ஆகி, நல்ல அளவு போலத் தோன்றும். காயில் அறுந்திருந்தால் புதிய சொலினாய்டுதான் தீர்வு.

ஸ்க்ரூடிரைவரால் இரண்டு பெரிய டெர்மினல்களையும் இணைத்துப் பார்க்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. பினியன் ஃபிளைவீலோடு சேராமல் மோட்டார் மட்டும் சுற்றும் என்பதால் அது முழுச் சோதனையும் ஆகாது. பறக்கும் பொறி பேட்டரியின் ஹைட்ரஜனைப் பற்றவைக்கவும் கூடும். சாவியை விட்ட பின்னும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தால் காண்டாக்ட்கள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதற்காகவே, பேட்டரி இணைப்பை உடனே துண்டிக்கும் கையடக்கச் சுவிட்ச் ஒன்றை மைனஸ் கேபிளில் நிரந்தரமாக வைத்திருக்கிறேன்.