சம்பளக் குறைவைத் தடுக்க எது உதவும்: புதிய மென்பொருளா, விதித் திருத்தமா, தனிச் சரிபார்ப்பா?

ஊழியர்களுக்குச் சேர வேண்டிய சம்பளம் குறைவாகப் போயிருப்பது தெரியவந்தால், பல நிர்வாகங்கள் மென்பொருளைக் குறை கூறி, அதை மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கு உடனே வந்துவிடுகின்றன. அதற்கு முன் மூன்று வழிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்: சம்பள மென்பொருள் அமைப்பையே முழுவதும் மாற்றுவது, இருக்கும் அமைப்பின் விதிகளையும் தரவுகளையும் சீர்செய்வது, சம்பளப் பட்டியலுக்கு வெளியே தனியாக ஒரு சரிபார்ப்புக் கணக்கை ஓட்டுவது.

குறைவு எங்கே பிறக்கிறது என்பதைப் பார்த்தால்தான் இந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. இரவு 10 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடியும் ஒரு ஷிப்டை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் பொது விடுமுறை தொடங்குகிறது. விடுமுறை நாளுக்கு இரட்டிப்பு ஊதியம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. முதல் 2 மணி நேரத்துக்குச் சாதாரண விகிதமும் அடுத்த 6 மணி நேரத்துக்கு இரட்டிப்பு விகிதமும் சேர்த்து, 14 மணி நேரத்துக்கு உரிய தொகை வர வேண்டும். ஷிப்ட் தொடங்கிய தேதியை மட்டும் பார்க்கும் அமைப்பு 8 மணி நேரத்துக்கு உரியதையே கொடுக்கும். இங்கே கூட்டல் பெருக்கல் எதுவும் பிழைபடவில்லை. ஒப்பந்த வாசகத்தை விதியாக எழுதியவர் நள்ளிரவை மறந்துவிட்டார், அவ்வளவுதான். அதே மறதியைப் புதிய மென்பொருளிலும் எழுதி வைக்க முடியும்.

முழு மாற்றத்தின் ஆபத்துக்குக் கனடா அரசு ஊழியர்களுக்கான பீனிக்ஸ் என்ற சம்பள அமைப்பே போதுமான சான்று. 2016-இல் தொடங்கப்பட்ட அது, 80,000-க்கும் மேற்பட்ட சம்பள விதிகளைக் கையாள வேண்டியிருந்தது. அந்த விதிகளின் நெளிவுசுளிவு தெரிந்த சம்பள ஆலோசகர்களின் 1,200 பணியிடங்கள் 46 துறைகளில் நீக்கப்பட்டன. அவர்களின் வேலையைச் செய்ய கனடாவின் மிரமிசி நகரில் உள்ள சம்பள மையத்தில் ஏறத்தாழ 550 பேர் மட்டுமே அமர்த்தப்பட்டனர். செலவைக் குறைப்பதற்காக, பழைய தேதியிலிருந்து நடப்புக்கு வரும் ஊதியத்தைக் கணக்கிடும் வசதி போன்ற முக்கியச் செயல்பாடுகள் விடப்பட்டன. ஒரு துறையில் மட்டும் ஓட்டிப் பார்க்கும் முன்னோட்டமும் கைவிடப்பட்டது. 2017-இன் நடுப்பகுதியில் 1,50,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் தங்கள் சம்பளச் சிக்கல் தீரக் காத்திருந்தனர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறையும் 2010-இல் புதிய அமைப்புக்கு மாறியபோது, பல ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தது. சிலருக்கு வரவே இல்லை. ஒரு செவிலியருக்கோ துப்புரவுப் பணியாளருக்கோ சம்பள நாளன்று பணம் வராமல் போவதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

விதிகளைச் சீர்செய்வது பெயரில்லாத, பொறுமை கேட்கும் வேலை. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பிரிவையும் எடுத்து, அமைப்பில் அதற்கு ஈடான விதி எது, அது எந்தத் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். வருகைப் பதிவையும் விட்டுவிடக் கூடாது. உள்ளே வரும் நேரத்தை அடுத்த கால் மணிக்கும் வெளியேறும் நேரத்தை முந்தைய கால் மணிக்கும் முழுமையாக்கும் கருவி, நாளொன்றுக்குச் சராசரியாக 7 நிமிடம் விழுங்கினாலும் 250 வேலை நாட்களில் 29 மணி நேரத்துக்கும் மேல் ஊதியமின்றிப் போய்விடும். சம்பளக் கணக்கில் எத்தனை விதிகளைத் திருத்தினாலும் இது வெளியே தெரியாது, ஏனென்றால் வெட்டப்பட்ட நேரம்தான் கணக்குக்கே வந்து சேருகிறது. இந்த வழியின் குறை, பிழையை எழுதியவர்களே பிழையைத் தேடுவது. ஆகவே விதிகளைப் படித்துப் பார்ப்பவர்களில் தொழிலாளர் தரப்பிலிருந்தும் ஒருவர் இருப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

தனிச் சரிபார்ப்பு மூன்றிலும் விரைவாகத் தொடங்கக்கூடியது. மூல வருகைப் பதிவையும் ஒப்பந்தத்தையும் வைத்துச் சம்பளத்தை மறுபடி கணக்கிட்டு, பட்டியலோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைச் சம்பள நாளுக்கு முன்பே காட்டும். ஆனால் மூலப் பதிவுக்குப் பதிலாக முழுமையாக்கப்பட்ட நேரத்தையே அதற்கும் கொடுத்தால், இரண்டு கணக்குகளும் ஒரே தவறில் ஒத்துப்போகும். மாதிரிக்கு எடுக்கும் ஊழியர்களும் சராசரி ஆட்களாக இருக்கக் கூடாது. இரவுப் பணியாளர், பகுதிநேரப் பணியாளர், மாத நடுவில் பதவி உயர்ந்தவர், நீண்ட விடுப்பிலிருந்து திரும்பியவர் ஆகியோரிடம்தான் பிழை தங்கியிருக்கும்.

என் தேர்வு விதித் திருத்தமே. தனிச் சரிபார்ப்பை அதனோடு முதல் மாதத்திலிருந்தே ஓட்ட வேண்டும். ஒரு ஷிப்டை இரண்டு நாட்களாகப் பிரிக்கவோ, பழைய தேதியிட்ட ஊதிய உயர்வைக் கணக்கிடவோ இயலாத அமைப்பாக இருந்தால் மட்டும் மாற்றத்தை யோசிக்கலாம். அப்போதும் பழையதையும் புதியதையும் பல சம்பளக் காலங்களுக்கு, விடுமுறை நாட்கள் அடங்கிய மாதங்களையும் சேர்த்து, ஒருசேர ஓட்டிப் பார்த்த பிறகே பழையதை நிறுத்த வேண்டும்.

எந்த வழியில் போனாலும், கண்டுபிடித்த பிழையை அந்த மாதத்தோடு திருத்தி முடித்துவிடக் கூடாது. அந்த விதி நுழைந்த நாள் வரை பின்னோக்கிச் சென்று, இடையில் வேலையை விட்டுப் போனவர்களுக்கும் நிலுவையைக் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டில் ‘மொத்த நேரம்’ என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, சாதாரண நேரம் 2, விடுமுறை நேரம் 6 என்று விகிதத்தோடு பிரித்து அச்சிட்டால், அந்த இரவு வேலை பார்த்தவரே தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வார்.