ஆறு வருட ஹார்ட் டிஸ்க்கும் ஒரு ரப்பர் பேண்டும்

மச்சான் நேற்று போனில் கேட்டான்: "மாமா, பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கட்டுமா, இல்ல மாசாமாசம் கிளவுடுக்குப் பணம் கட்டட்டுமா?" என் டிஸ்க் ரிப்பேர் ஆகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கேட்ட நேரம் சரியில்லை.

என்னுடையது 2 டிபி, சட்டைப் பையில் அடங்கும் வகை. செருகினால் விண்டோஸ் 1.81 என்றுதான் காட்டும். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதற்கெல்லாம் கோபப்பட முடியாது. ஆறு வருடமாக ஞாயிறு காலை இட்லி வேகிற நேரத்தில் பேக்கப். ஒரு ஃபைலைக்கூடத் தொலைத்ததில்லை. லேப்டாப் செத்தபோது மகளின் முதல் பிறந்தநாள் படங்களிலிருந்து வருமான வரிக் கணக்கு வரை எல்லாம் ஒரே சாயங்காலத்தில் புது லேப்டாப்புக்கு வந்துவிட்டன.

என் எரிச்சல் முழுக்க அதன் வாயின் மேல்தான். தட்டையாக, நடுவில் பள்ளம் விழுந்த மாதிரி இருக்குமே, அந்த மைக்ரோ-பி போர்ட். மூன்றாம் வருடமே ஆட ஆரம்பித்துவிட்டது. 40 ஜிபி போய்க்கொண்டிருக்கும்போது மேசையில் காப்பி டம்ளரை வைத்தால் போதும், டொடுக்கென்று தொடர்பு அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. கேபிளை மாற்றிப் பார்த்தேன். அப்புறம் கேபிளையும் டிஸ்க்கையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டேன். மூன்று வருடம் அப்படித்தான் ஓடியது.

போன வாரம் ரப்பர் பேண்டுக்கும் அடங்கவில்லை. வெளிப்பெட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் பிரித்துக் காட்டினார். வேறு பெட்டியிலோ கம்ப்யூட்டரிலோ செருக உதவும் வழக்கமான சாட்டா முனையே உள்ளே இல்லை; யூஎஸ்பி வாயை டிஸ்க்கின் போர்டிலேயே நேராகப் பற்றவைத்திருக்கிறார்கள். "இதை வேற பெட்டியில போட முடியாது சார், போர்டுலதான் கை வைக்கணும்" என்றார். லென்ஸுக்கு அடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி சால்டர் செய்தார். டிஸ்க் கல் மாதிரி இருக்கிறது, அதற்குள் போகிற கதவு மட்டும் தகரம். எந்தப் புத்திசாலி போட்ட கணக்கோ!

சரி, கிளவுட்? கூகுளில் 15 ஜிபி இலவசம். 2021 ஜூனிலிருந்து ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில்தான் சேருகின்றன. எங்கள் வீட்டு இணைப்பில் அப்லோடு நொடிக்கு 40 மெகாபிட். அதில் 1 டிபி ஏற்ற, இடையில் கரண்ட் போகாமல் இருந்தாலே 55 மணி நேரம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூர் நண்பன் வீட்டில் லேப்டாப்பும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே அலமாரியில் சேர்ந்தே மூழ்கின. ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருந்தாக வேண்டும். முக்கியமான பத்திரங்களையும் குழந்தை படங்களையும் மட்டும் நான் கிளவுடில் வைத்திருக்கிறேன்.

மச்சானிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "இந்த மாடல் பக்கமே போகாதே. டைப்-சி வாய் இருக்கிறதா, பிரித்தால் உள்ளே சாட்டா இருக்கிறதா என்று விசாரித்து வாங்கு. இல்லையென்றால் பேசாமல் கிளவுடுக்கே கட்டு."

ரிச்சி தெருவிலிருந்து திரும்பும்போது, தங்கை வீட்டில் வைக்க இன்னொரு டிஸ்க் வாங்கிவந்ததை அவனிடம் சொல்லவில்லை. அதே கம்பெனி, அதே 2 டிபி, அதே தட்டை வாய்.