மருத்துவச்சிகளுக்கு மேற்பார்வை: இங்கிலாந்தின் பழைய முறையும் புதிய முறையும்

1902ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டத்தோடு வந்த பழைய முறை 2017 மார்ச் வரை நீடித்தது. ஒவ்வொரு மருத்துவச்சிக்கும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு, அவரும் மருத்துவச்சிதான். வருடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவார். நடுராத்திரியில் பிரசவம் சிக்கலானாலும் போனில் யோசனை கேட்கலாம். இது பெரிய பலம். ஆனால் தவறு நடந்தால் விசாரித்ததும் மேற்பார்வையாளர்களே. வடமேற்கு இங்கிலாந்தின் ஃபர்னஸ் பொது மருத்துவமனையில் சிசுக்களும் தாய்மாரும் இறந்தபோதுதான் அதிலிருந்த ஆபத்து தெரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அந்த விசாரணையை எப்படி நம்புவார்கள்?

புதிய முறையில் இரண்டு வேலையும் தனித்தனி. மருத்துவச்சிக்குத் துணைநிற்க ஓர் ஆலோசகர். தவறு நடந்தால், அவர் பணியில் தொடரத் தகுதியானவரா என்ற விசாரணைக்கு, இவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செவிலியர்-மருத்துவச்சியர் மன்றம். எனக்கு இதுவே சரி. ஒரே குறை, அந்தத் துணை இப்போது சட்டக் கட்டாயம் இல்லை. ஆள் பற்றாக்குறையான வார்டில் முதலில் அடிபடுவது அதுவாகத்தான் இருக்கும்.