கார் ஸ்டீரியோ மாற்றும்போது ஸ்பீக்கர் வயரையும் மாற்ற வேண்டுமா? சென்னை ஓட்டத்தில் தெரிந்த விடை

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்பீக்கர் வாங்கப் போனால், பில் போடுவதற்கு முன் இந்தப் பேச்சு வந்துவிடும்: "சார், கம்பெனி வயர் தலைமுடி மாதிரி இருக்கும். இவ்ளோ நல்ல ஸ்பீக்கர் எடுத்துட்டு அதுல ஓட்டினா சவுண்டே தெரியாது சார்." பேச்சு முடிவதற்குள் தடியான வயர் ரோல் ஒன்று கவுண்டருக்கு வந்திருக்கும். ஹெட் யூனிட்டையும் (டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) நாலு கதவு ஸ்பீக்கரையும் மட்டும் மாற்றுகிறவர்களுக்கு அந்த ரோல் தேவையில்லை. ஆம்ப் (சத்தத்தைக் கூட்டும் தனி ஆம்ப்ளிஃபயர்) போடுகிறவர்களுக்குச் சில இடங்களில் தேவை. ஆனால் இந்த ஊரில் சில வருடம் ஓடிய கார்களின் டாஷைக் கழற்றிப் பார்த்தால், சத்தத்தைக் கெடுத்திருப்பது வயரின் தடிமன் அல்ல, வயரை இணைத்த இடம். விலாவாரியாகச் சொல்ல வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

முதலில் கணக்கு. கார் கம்பெனி போட்டுத் தரும் ஸ்பீக்கர் வயர் பெரும்பாலும் 0.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்), சில புதுக் கார்களில் 0.35 ஸ்கொயர். 0.5 ஸ்கொயர் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.039 ஓம் தடை. டாஷிலிருந்து முன்கதவு 3 மீட்டர் என்றால், போக வர 6 மீட்டர், மொத்தம் 0.23 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இதனால் ஏற்படும் இழப்பு அரை டெசிபல். அதையே 1.5 ஸ்கொயராக மாற்றினால் தடை 0.08 ஓமுக்கு இறங்கும், இழப்பு 0.17 டெசிபல். ஆக, இரண்டு கதவின் ட்ரிம்மையும் கழற்றி, ரப்பர் குழாயில் வயர் நுழைத்து, ஒரு நாளைச் செலவழித்துக் கிடைப்பது 0.3 டெசிபல். இரண்டு வயரையும் மாற்றி மாற்றிக் கேட்டாலும் காதுக்குப் பிடிபடாத அளவு அது. பின்கதவுக்கு 5 மீட்டர் போனால் பழைய வயரின் இழப்பு 0.8 டெசிபல் வரை வரும். பின்சீட் ஸ்பீக்கரை ஃபேடரில் (முன், பின் சத்தத்தைப் பிரிக்கும் செட்டிங்) எப்படியும் குறைத்துத்தான் வைக்கிறோம் என்பதால் அதுவும் கவலைக்குரியது இல்லை.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கருக்குள் கோனை (அசைந்து சத்தம் எழுப்பும் கூம்பு) ஆட்டும் வாய்ஸ் காயிலும் கம்பிதான். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரின் காயிலை மல்டிமீட்டரில் அளந்தால் 3.4 ஓம் போலக் காட்டும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். அரை மணி நேரம் ஓங்கிப் பாட்டுப் போட்டு, காயில் 100 டிகிரி சூடேறினால் 3.4 ஓம் 4.7 ஓமாகிவிடும். செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றிய காயில் என்றாலும் கதை இதுதான். ஸ்பீக்கருக்குள்ளேயே 1.3 ஓம் ஏறி இறங்கும்போது, வெளியே இருக்கும் 0.23 ஓமைத் துரத்துவதில் அர்த்தமில்லை. தடி வயர் போட்டால் பேஸ் இறுகும் என்ற பேச்சுக்கும் இதே பதில்தான்: கோன் தேவைக்கு மேல் ஆடாமல் கட்டிப்போடும் வேலையில் காயிலின் தடைதான் பெரிய பங்கு, வயர் கடைசியில் வருகிறது.

ஹெட் யூனிட் பெட்டியில் 50 வாட் × 4 என்று பெரிதாகப் போட்டிருக்கும். காரின் 14.4 வோல்ட்டை வைத்து, உள்ளே தனியாக வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட் இல்லாத யூனிட் ஒன்று 4 ஓமுக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடிய உச்சமே 26 வாட்டுக்குள் அடங்கிவிடும். உள்ளே போகும் இழப்பைக் கழித்தால் 20 வாட் அருகில் நிற்கும். அந்தப் பவருக்கு 0.5 ஸ்கொயர் தாராளம்.

மாற்ற வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ஸ்பீக்கர் 4 ஓமா என்று முதலில் பாருங்கள். ஜேபிஎல் பிராண்டில் 3 ஓம் மாடல்கள் உண்டு, 2 ஓம் ஸ்பீக்கர்களும் கிடைக்கின்றன. அதே 0.23 ஓம் வயர் 2 ஓம் ஸ்பீக்கரில் ஏறக்குறைய 1 டெசிபலைத் தின்றுவிடும். அங்கே 1.5 ஸ்கொயர் நியாயமான செலவு. சேனலுக்கு 100 வாட்டுக்கு மேல் கொடுக்கும் ஆம்ப் என்றால் முன்கதவு இரண்டுக்கும் புது வயர் இழுத்துவிடுவது நல்லது. டிக்கியில் இருக்கும் சப்வூஃபருக்குக் (ஆழமான பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) கம்பெனி வயரே இருக்காது. 500 வாட்டை 2 ஓமில் ஓட்டினால் 16 ஆம்பியர் பாயும், அதற்கு 2.5 ஸ்கொயர் வேண்டும். தூரம் ஒரு மீட்டர்தான் என்பதால் அதற்கு மேல் தடிமனாகப் போவதில் பயனில்லை.

இடைப்பட்ட நிலை ஒன்று உண்டு, நிறைய பேர் அதில்தான் இருக்கிறார்கள்: 4 சேனல், 50 முதல் 75 வாட் ஆம்ப், டிரைவர் சீட்டுக்கடியில். இதற்குக் கதவைத் தொடவே வேண்டாம். ஆம்ப்பிலிருந்து ஹெட் யூனிட்டின் பின்பக்கம் வரை 1 அல்லது 1.5 ஸ்கொயரில் நாலு ஜோடி வயர் கொண்டுபோய், கப்ளரில் (வயர்களை இணைக்கும் பிளக்) கம்பெனி வயரோடு சேர்த்துவிட்டால் போதும். ஜோடிக்கு 2 மீட்டர், மொத்தம் 8 மீட்டர் இரட்டை வயர். 75 வாட் முழுதாகப் பாயும் கணத்தில்கூடக் கதவு வரையுள்ள மெல்லிய வயரில் சூடாகப் போவது 4 வாட் சொச்சம். பாட்டு எப்போதும் உச்சத்திலேயே நிற்பதில்லை, வயர் தொட்டாலும் சூடு தெரியாது.

சந்தேகமாக இருந்தால் கடைக்காரரிடம் கேட்பதைவிட மீட்டரிடம் கேட்கலாம். போனில் 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் போட்டு, வால்யூமை நடுவில் வைத்து, ஹெட் யூனிட் கப்ளரில் ஏசி வோல்ட் பாருங்கள். 4 வோல்ட் வருகிற மாதிரி வைத்துக்கொண்டு, அதே டோனுக்கு ஸ்பீக்கர் டெர்மினலில் என்ன வருகிறது என்று பாருங்கள். 3.8 வந்தால் வயர் நல்ல வயர், கை வைக்க வேண்டாம். 3.6க்குக் கீழே போனால் எங்கோ கோளாறு இருக்கிறது. அப்போதும் வயரை உருவுவதற்கு முன் ஜாயின்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

இனி அந்த ஜாயின்ட். பழைய ஸ்டீரியோவைக் கழற்றும்போது கம்பெனி கப்ளரை வெட்டிவிட்டு, இரண்டு வயரையும் முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி உள்ளே திணிப்பது இங்கே சர்வசாதாரணம். போட்ட அன்றைக்கு நன்றாகத்தான் பாடும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் டாஷுக்குள் ஏறும் சூட்டில் டேப்பின் பசை இளகி, தேன் மாதிரி வழியும். இரண்டாவது கோடைக்குள் டேப் தானாக அவிழ்ந்து தொங்க ஆரம்பிக்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம். பெசன்ட் நகர், திருவான்மியூர், காசிமேடு பக்கம் நிறுத்துகிற கார்களுக்கு இதோடு உப்புக்காற்றும் சேரும். முறுக்கிய இடத்தைப் பிரித்தால் செம்பு முதலில் பழுப்பாக, பிறகு பச்சை மாவு படிந்து தெரியும். அந்தப் பச்சை ஜாயின்ட்டோடு நிற்காது. இழைகளுக்கு நடுவே ஈரம் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறும். வயரின் மேலுறையை ஓர் அங்குலம் உரித்துப் பாருங்கள்; கறுத்திருக்கும், ஈயம் வைத்தால் உருண்டு விழும், ஒட்டாது. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சில சமயம் நாலு விரல் நீளம் போய்விடும், கப்ளருக்குப் பின்னால் மிச்சமே இல்லாமல் ஆகிவிடும்.

இதைவிட மோசமானதும் நடக்கும். டேப் அவிழ்ந்த வயர் டாஷின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால், ஹெட் யூனிட்டின் ஸ்பீக்கர் மைனஸ் பாடியோடு சேர்ந்துவிடும். இன்றைய ஹெட் யூனிட்டுகளில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த் அல்ல. இரண்டு வயருமே ஆம்ப்பிலிருந்து வரும் உயிர் வயர்கள். தொட்டால் யூனிட் புரொடெக்‌ஷனுக்குப் போய்ச் சத்தத்தை நிறுத்திவிடும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் ஆம்ப் ஐசி போய்விடும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் பாட்டு நின்று வருகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சரியான வழி எளிது. அந்தக் காருக்கான மாற்றுக் கப்ளர் தனியாகக் கிடைக்கிறது. அதை வாங்குங்கள், கம்பெனி கப்ளரை வெட்ட விடாதீர்கள். வெட்டினால் எலக்ட்ரிகல் வாரண்டிக்கும் பிரச்சினை வரும். கப்ளரின் வயர்களை ஹெட் யூனிட் வயரோடு மேஜையில் வைத்தே சேர்த்துவிடலாம். ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலில் வயரில் நுழைத்துவிட்டு, ஈயம் வைத்து, குழாயை ஜாயின்ட்டின் மேல் இழுத்துச் சூடு காட்டுங்கள். ஈயம் வைத்த இடத்துக்கு அடுத்து வயர் விறைப்பாகி, ஆட்டத்தில் ஒடியும் என்பதால் கட்டு முழுவதையும் துணி டேப்பால் சுற்றி, ஆடாமல் நைலான் டை போட வேண்டும். ஹெட் யூனிட் பக்கத்து நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது; கறுப்புக் கோடு போட்டது மைனஸ். கார் பக்கத்து நிறங்களுக்கு அப்படி ஒரு பொது வழக்கம் கிடையாது. 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கார் பக்கத்து ஸ்பீக்கர் வயர் ஜோடியில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போய், பாடகர் குரல் நடுவில் நிற்காமல் கலைந்து கேட்கும். "புது ஸ்பீக்கரே சரியில்லை" என்று திருப்பிக் கொண்டுபோகும் பலருக்கு உண்மையில் இந்த ஒரு வயர்தான் மாறியிருக்கும்.

கதவுக்குள் புது வயர் போட்டே ஆக வேண்டும் என்றால், கீல் பக்கத்தில் இருக்கும் ரப்பர் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். பல கார்களில் அதன் ஒரு முனையில் பெரிய கப்ளர் இருக்கும். அந்தக் கப்ளரில் பின் (pin) இல்லாமல் காலியாக இருக்கும் இடத்தில் கவனமாகத் துளை போட்டு நுழைக்க வேண்டியிருக்கும். குழாய்க்கு வெளியே கொண்டுபோனால் தினமும் கதவு திறந்து மூடுவதிலேயே இழை ஒவ்வொன்றாக அறும், அந்த இடைவெளியில் மழைத் தண்ணீரும் இறங்கும். கதவுக்குள் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு வயரின் பாதையைப் பாருங்கள். மேலே இருக்கும்போது சரியாகத் தெரியும் வயர், இறங்கும் கண்ணாடியில் மாட்டும். ஸ்பீக்கர் டெர்மினலுக்கு முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், டெர்மினலுக்குப் போகாது. மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை எது கண்ணில் பட்டாலும் அது ஏர்பேக் வயர், தொடக்கூடாது.

வயர் வாங்கும்போது தடிமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். கண்ணாடி போன்ற உறைக்குள் பளபளக்கும் மலிவு வயர்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். லைட்டரில் காட்டினால் செம்பு இழை சிவந்து நிற்கும், அலுமினியம் துவண்டு அறுந்துவிடும். பெயர் தெரியாத ஸ்பீக்கர் வயரைவிட, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, மென்மையான பல இழை 1.5 ஸ்கொயர் செம்பு வயர் எவ்வளவோ மேல். ஆக்சிஜன் இல்லாத செம்பு, வெள்ளிப் பூச்சு என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அலுமினியம் உண்மையில் கடிக்கும் இடம் ஆம்ப்பின் பவர் கேபிள். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர், 10 ஸ்கொயர் செம்பில் 40 ஆம்பியர் பாய்ந்தால் 0.4 வோல்ட் குறையும், அலுமினியத்தில் 0.6 வோல்ட். எர்த் பக்கமும் இதே அளவு கேபிள், பெயின்ட்டைச் சுரண்டிய வெற்று இரும்பில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவ வேண்டும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம். ஸ்பீக்கர் வயருக்காகச் சண்டை போட்டுவிட்டு ஃபியூஸ் இல்லாமல் பவர் கேபிள் இழுக்கும் வேலையைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அது தீப்பிடிக்கும் விஷயம்.

வயரில் மிச்சம் பிடித்த காசுக்கு நல்ல செலவு, கதவுத் தகட்டுக்கு ப்யூட்டைல் டேம்பிங் ஷீட். ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் வெளித்தகட்டிலும் சுற்றியுள்ள இடத்திலும் ஒட்டினாலே நடு பேஸில் வரும் மாற்றம் யாருக்கும் கேட்கும். தார் ஷீட் மலிவு என்று ஒட்டாதீர்கள். நம் வெயிலில் அது வழிந்து கண்ணாடித் தடத்தில் இறங்கும், காருக்குள் வாடையும் நிற்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மூடிவிடக் கூடாது.

தரைவிரிப்புக்கு அடியில் எந்த ஜாயின்ட்டும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் கார்களுக்குள் எந்த மட்டம் வரை தண்ணீர் ஏற்றின என்பதை வேளச்சேரி, முடிச்சூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தரையில் ஓடும் வயர் ஒரே நீளமாக இருக்கட்டும், இணைப்பு எல்லாம் டாஷின் மேல்பாதியில் இருக்கட்டும். சீட்டுக்கடியில் ஆம்ப் வைத்தவர்கள், அதை விரிப்பின் மேல் அப்படியே கிடத்தாமல் இரண்டு அங்குல ஸ்டாண்டில் தூக்கி வைக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்பின் ஸ்பீக்கர் டெர்மினல் ஸ்க்ரூக்களை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். வெயிலிலும் அதிர்விலும் அவை தளர்ந்திருக்கும்; இழை கறுத்திருந்தால் நுனியை வெட்டிப் புதிதாக உரித்து மாட்டுங்கள்.