அலையா, ஸ்பின்னா: குவாண்டத்தை எங்கே தொடங்குவது?

நம் கல்லூரிகளில் பி.எஸ்சி. நவீன இயற்பியல் பெரும்பாலும் வரலாற்று வரிசையில்தான் வரும். 1900-இல் பிளாங்க், 1905-இல் ஐன்ஸ்டைன், 1913-இல் நீல்ஸ் போர், 1924-இல் டி பிராய், 1926-இல் ஷ்ரோடிங்கர். அப்புறம் பெட்டிக்குள் துகள், ஹைட்ரஜன் அணு. இன்னொரு வழி, 1922-இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் பிராங்க்பர்ட்டில் செய்த சோதனையிலிருந்து, அதாவது ஸ்பின்னிலிருந்து (எலக்ட்ரான் போன்ற துகள்களுக்கு இயல்பிலேயே உள்ள கோண உந்தத்திலிருந்து) தொடங்குவது. அமெரிக்காவில் ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகம் இளநிலை மாணவர்களுக்கு இப்படித்தான் கற்பிக்கிறது.

வரலாற்று வழியின் பெரிய பலம் ஆய்வகம். ஒளிமின் விளைவுச் சோதனையில், ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக நிறுத்து மின்னழுத்தத்தை (வெளிவரும் எலக்ட்ரான்களைத் தடுத்து நிறுத்தும் மின்னழுத்தத்தை) வரைந்து, கோட்டின் சாய்வை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் பிளாங்க் மாறிலி கிடைத்துவிடும். தன் கையால் அந்த எண்ணை எடுத்த மாணவருக்குப் பாடத்தின் மேல் வரும் நம்பிக்கையே தனி.

சிக்கல் போரிடம் வருகிறது. அவருடைய மாதிரி ஹைட்ரஜனின் அயனியாக்க ஆற்றலுக்கு 13.6 எலக்ட்ரான் வோல்ட் என்று சரியான விடை தருவதால், எலக்ட்ரான் கருவைச் சுற்றும் வட்டப்பாதை மனதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தாழ்நிலையில் எலக்ட்ரானுக்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் உண்டு என்கிறது அந்த மாதிரி. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி அது பூஜ்யம். முதலில் படித்ததைப் பிறகு மறக்க வேண்டியிருக்கிறது, பலரால் அது முடிவதில்லை. போதாக்குறைக்கு, பருவத்தின் பாதி வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்ப்பதிலேயே போய்விடும். அளவீடு என்றால் என்ன என்ற கேள்விக்கே நேரம் இருக்காது.

ஸ்பின் வழியில் அந்தக் கேள்விதான் முதல் பாடம். சீரற்ற காந்தப்புலத்தில் வெள்ளி அணுக்கற்றை இரண்டாகப் பிரிகிறது. மேலே போன கற்றையை மட்டும் எடுத்துக் கிடைத்திசையில் அளந்தால் பாதிக்குப் பாதி. அதில் ஒன்றை எடுத்து மறுபடி செங்குத்தாக அளந்தால், திரும்பவும் பாதிக்குப் பாதி! முதலில் கிடைத்த ‘மேல்’ என்ற விடை அழிந்தே போய்விட்டது. இதற்குத் தேவையான கணிதம் கலப்பெண்களும் இரண்டுக்கு இரண்டு அணிகளும்தான். குவாண்டம் கணினியில் தகவலின் அடிப்படை அலகான கியூபிட்டுக்கும் இதே கணிதம். குவாண்டம் முடிவுகளை உள்ளூர் மறைமாறிகளால் விளக்க முடியாது என்று 1964-இல் ஜான் பெல் நிறுவிய தேற்றம் வரை இதை வைத்தே போகலாம்.

குறையும் உண்டு. ‘எது சுழல்கிறது?’ என்று மாணவர் கேட்டால் காட்டுவதற்குப் படம் கிடையாது. ஸ்டெர்ன், கெர்லாக் இருவருக்குமே சோதனை செய்தபோது ஸ்பின் தெரியாது; அந்தக் கருத்து 1925-இல்தான் வந்தது. இரண்டே நிலைகளிலிருந்து தொடர்ச்சியான அலைச்சார்புக்குப் போகும் படியும் செங்குத்தானது.

பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கிவிட்டதா? சரி, பாடத்திட்ட வரிசையிலேயே படியுங்கள். எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐஐடி ஜாம் நுழைவுத் தேர்வு எழுதுவதற்கும் காம்ப்டன் விளைவும் பெட்டிக்குள் துகளும் கட்டாயம் வேண்டும். நேரம் இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஸ்பின்தான். இரண்டு மூன்று வாரம் பவுலி அணிகளின் (ஸ்பின்னைக் குறிக்கும் இரண்டுக்கு இரண்டு அணிகளின்) ஐகன் மதிப்புகளை நீங்களே கணக்கிட்டுப் பழகுங்கள். பிறகு பெட்டிக்குள் துகளுக்கு வாருங்கள். போரை அதற்கப்புறம் படித்தால் போதும்.